தாய்மாமன் சீரில் ஒரு பழைய அலமாரி

இசைவாணி உப்புத்தாளைக் கையில் எடுத்தால் அக்கம்பக்கத்தார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பார்க்கச் சகிக்கவில்லை என்பது அவர்கள் கட்சி. பாடுபட்டு அடித்த பெயிண்டைக் காய்ந்த மறுநாளே அவளே உட்கார்ந்து தேய்த்து எடுத்தால் யாருக்குத்தான் மனசு பொறுக்கும்?

கீழக்குயில்குடியில் அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் எந்நேரமும் நாலைந்து நாற்காலிகள், ஒரு மேசை, கதவு கழற்றிய ஏதாவது ஓர் அலமாரி. எல்லாம் மதுரை டவுனில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கும் பீர் முகமது அனுப்பிவைப்பவை. வரும்போது பழையதாக வரும். போகும்போது அதைவிடப் பழையதாகத் தெரிகிற மாதிரி போகும்.

"காசு குடுத்துப் பழசாக்கிக்கிறாகளாம். எங்க வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லு தாயி, ஓசியிலேயே அம்புட்டும் பழசாத்தான் கெடக்கு" என்பார் எதிர்வீட்டுக் கண்ணுச்சாமி.

"அதைப் பழசுன்னு சொல்ல மாட்டாக பெரியப்பா, அழுக்குன்னு சொல்லுவாக" என்பாள் இசைவாணி, தலையை நிமிர்த்தாமல்.

அவள் கை பழகியது இதற்கு நேர் எதிரான தொழிலில். கல்யாணமான புதிதில், தெற்குவாசல் பக்கம் இரும்பு பீரோ செய்கிற பட்டறை ஒன்றில் துடைத்து அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்ப்ரே அடிப்பவர் திடீரென்று திருப்பூருக்குப் போய்விட, ஆள் கிடைக்காத கோபத்தில் முதலாளி ஸ்ப்ரே துப்பாக்கியை அவள் கையில் திணித்தார். அன்று பிடித்ததை அவள் விடவில்லை. பீரோ என்றால் பளபளக்க வேண்டும். பெண்வீட்டார் கும்பலாக வந்து பீரோ கதவில் முகம் பார்ப்பார்கள். மூக்குத்தி தெரிந்தால்தான் அட்வான்ஸ். இசைவாணி அடித்த பீரோவில் மூக்குத்தியின் கல்கூடத் தெரியும் என்று பட்டறையில் பெயர்.

பீர் முகமது அந்தப் பட்டறைக்கு வந்தது தலையைச் சொறிந்துகொண்டுதான். கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் அவரிடம் நாற்காலிகள் கேட்டிருந்தார்.

"பழசு மாதிரி வேணுமாம். நான் சொன்னேன், மாதிரி எதுக்குங்க, பழசே கடை நெறையக் கெடக்குன்னு. அது இல்லையாம். பெயிண்ட் அடிக்கணுமாம். அடிச்ச பெயிண்ட் தேஞ்சு போயிருக்கணுமாம். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. நீ பெயிண்டுக்காரி. உனக்கு ஏதாச்சும் புரியுதாம்மா?"

"அடிச்சுட்டுத் தேய்க்கணும். அம்புட்டுத்தானே பாய்" என்றாள் இசைவாணி.

அம்புட்டு இல்லை என்பது முதல் நாற்காலியிலேயே தெரிந்துவிட்டது. மேலே, கீழே, முதுகு, கால் என்று எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சுரண்டிக் கொடுத்தாள். விடுதிக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "என்னங்க இது, சொறி பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பீர் முகமது அந்த வார்த்தையைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து சேர்த்தார்.

வேறு யாராக இருந்தாலும் போய்யா என்று விட்டிருப்பார்கள். இசைவாணிக்கு அந்த வார்த்தை செருப்புக்குள் கிடக்கிற கல் போல உறுத்தியது. அன்றிலிருந்து பெயிண்ட் அடித்த பொருள் எது கண்ணில் பட்டாலும் நின்று பார்க்க ஆரம்பித்தாள். டவுன் பஸ்ஸில் படிக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பியில் பெயிண்ட் போயிருந்தது. ஆனால் கைபிடிக்கிற உயரத்தில் மட்டும். ரேஷன் கடை மேசையில் பை உரசுகிற நடுப்பகுதி மரமாகவே ஆகிவிட்டிருந்தது, இரண்டு ஓரமும் அடித்த பெயிண்ட் அடித்தபடி. மகள் படிக்கும் பசுமலைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளின் ஒரு முனை மட்டும் தேய்ந்திருந்தது. பிள்ளைகள் நுழைகிற பக்கம் அதுதான். திருமங்கலம் பஸ் நிலையத்தில் ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு டீக்கடை பெஞ்சில் யார் எங்கே கை ஊன்றி எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவளை, டீக்கடைக்காரர் ஏதோ வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த பெண் என்று நினைத்து புத்திமதி சொன்னார்.

ஆக, வருஷம் போனதால் பெயிண்ட் தேய்வதில்லை. ஆட்கள் புழங்கித்தான் தேய்கிறது. கை படுகிற இடத்தில், கால் படுகிற இடத்தில், தரை கழுவுகிற தண்ணீர் தொடுகிற உயரத்தில். இது பிடிபட்ட பிறகு இசைவாணி தேய்க்கும் விதமே மாறிப்போனது. இப்போது சாமானை வாங்குகிறவர்களிடம் அவள் கேட்கும் கேள்விகள் வேடிக்கையாக இருக்கும். வீட்டில் சின்னப்பிள்ளைகள் உண்டா? எழுதுகிற கை எது? மேசையைச் சுவரோரம் போடுவீர்களா, நடுவில் போடுவீர்களா? பதில் வந்த பிறகு, கண்ணெதிரே இல்லாத அந்தக் குடும்பத்தை மனசுக்குள் அந்த மேசையில் உட்காரவைத்துப் பல வருஷம் புழங்கவிடுவாள். அவர்கள் கை பட்டிருக்கக்கூடிய இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அதன் மேல் பெயிண்ட் அடிப்பாள். மெழுகு இருக்கும் இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. காய்ந்ததும் தகட்டால் லேசாகச் சுரண்டி, உப்புத்தாளால் ஓரத்தை மழுக்கினால், அடியில் பூசிய காவியும் அதற்கும் அடியில் மரமும் எட்டிப்பார்க்கும். கடைசியாகத் தேன்மெழுகைத் தேய்த்து மெருகேற்றினால் வேலை முடிந்தது. பீரோ பட்டறையை விட்டு அவள் வெளியே வந்து சில வருஷங்கள் ஆகின்றன. பீர் முகமதுவும் இப்போது தலையைச் சொறிவதில்லை. "அந்தப் பொண்ணு தொட்டா, மாஷா அல்லாஹ், சாமான் நூறு வருஷம் வாழ்ந்துட்டு வந்த மாதிரி நிக்குது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

இத்தனை பெயர் வாங்கியவள் தன் வீட்டுக்காரனிடம் மாட்டிக்கொண்டது ஒரே ஓர் அலமாரி விஷயத்தில்தான்.

இசைவாணியின் கணவன் சிவபாண்டி லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவனுக்கு ஒரே அக்கா, தங்கப்பொண்ணு. திருமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் சரண்யாதேவிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் சீர் சிவபாண்டியுடையது. பீரோ ஒன்று எடுப்பது என்று அவன் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்துச் சென்னையில் வேலை பார்க்கும் சரண்யா போனில் கூப்பிட்டாள்.

"அத்தை, எனக்கு இரும்பு பீரோ வேணாம். நீங்க அந்த விடுதிக்குச் செஞ்சீங்கள்ல, போட்டோ அனுப்புனீங்களே, அந்த மாதிரி ஒரு அலமாரி வேணும். மாமாட்ட நீங்களே சொல்லிருங்க."

"உங்கம்மாட்டச் சொல்லிட்டியா?"

"மர அலமாரின்னு சொல்லிட்டேன்."

"மர அலமாரின்னு மட்டும் சொன்னியா?"

"மத்ததப் பாத்து தெரிஞ்சுக்கட்டும் அத்தை" என்றாள் சரண்யா.

இசைவாணி சொன்னதும் சிவபாண்டி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டான். அதற்குக் காரணம் இருந்தது.

தங்கப்பொண்ணு கல்யாணத்தின்போது அவர்கள் அப்பா சோணைமுத்து கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. மகளுக்குப் புதுக் கட்டில் வாங்க வழியில்லாமல், பழைய கட்டில் ஒன்றைப் பிடித்து அதன் மேல் பழுப்பு எனாமல் பெயிண்ட் அடித்து, புதுக் கட்டில் என்று சீரோடு தூக்கிப் போனார். பெயிண்ட் சரியாகக் காயவில்லை. மாப்பிள்ளையின் அக்கா பாண்டியம்மாள் சபையில் எல்லார் முன்னாலும் அதில் போய் உட்கார்ந்தார். எழுந்தபோது அவர் பட்டுச்சேலை பின்னால் பழுப்பாகியிருந்தது. சேலை பிய்த்துக்கொண்டு வந்த இடத்தில் கட்டிலின் பழைய பச்சை தெரிந்தது. தாம்பாளத்தட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு நின்ற சிறுவன் சிவபாண்டி அதைப் பார்த்தான். அதன்பின் அந்த வீட்டில் தங்கப்பொண்ணு எதற்கு வாய் திறந்தாலும் பாண்டியம்மாளிடம் பதில் தயாராக இருந்தது: "ஒங்க அப்பன் குடுத்த ஒட்டுக் கட்டில மறந்துட்டியா?"

"எங்கக்கா மூஞ்சியில அத இன்னொருக்க ஒட்ட வைக்கச் சொல்றியா?" என்று கேட்டான் சிவபாண்டி.

"உங்கப்பா பழச மறைச்சாரு. நான் எதையும் மறைக்கலையே."

"நீ மறைக்கல. பாக்குறவனுக்கு அது தெரியுமா? பழசு வந்திருக்குன்னுதான் சொல்லுவான். அக்கா அந்த வீட்டுல இன்னும் எம்புட்டு வருஷம் குப்பை கொட்டணும், யோசிச்சுப் பாரு."

ஆனால் கேட்டது கல்யாணப் பெண். அவள் ஆசையை மீறி பீரோ எடுக்கவும் சிவபாண்டிக்கு மனம் வரவில்லை. "செய். ஆனா கொஞ்சமாத் தேய்" என்றான் கடைசியில். அவனால் முடிந்த சமரசம் அவ்வளவுதான்.

பீர் முகமது நல்ல நாட்டுத் தேக்கில் இரட்டைக் கதவு அலமாரி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நீலமும் பச்சையும் கலந்து வெளிறிய ஒரு நிறத்தை இசைவாணி அதற்குக் கூட்டினாள். கைப்பிடியைச் சுற்றிப் பெயிண்ட் போயிருந்தது. கதவின் கீழ் ஓரத்தில், இரண்டு கையிலும் துணியை வைத்துக்கொண்டு காலால் சாத்துகிறவளின் பெருவிரல் படுகிற இடத்தில், மரம் தெரிந்தது. கதவின் மேல் மூலையில், உட்பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் திறந்து பிடிக்கிற கைக்கு ஒரு தேய்மானம். கொஞ்சமாகத் தேய்க்க அவளுக்கு வரவில்லை. வேலை முடிந்து நிமிர்ந்தபோது தன் கையில் இதுவரை வந்தவற்றிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சிவபாண்டி வந்து பார்த்தான். இரண்டு போர்வைகளைக் கொண்டுவந்து அவனே அதைச் சுற்றிக் கட்டிவிட்டான்.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாத நேரத்தில் சுமை வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் பெயர் காளை, சிவபாண்டிக்கு லேத் பட்டறைப் பழக்கம். வண்டி சொந்த வண்டி, ஆள் தங்கமான ஆள். போர்வையோடு அலமாரியை ஏற்றி, கயிறு போட்டு இறுக்கி, தண்ணீர் நிறைந்த குடத்தைக் கொண்டுபோகிறவன் மாதிரி மெதுவாகக் கிளம்பினான். சொந்தக்காரர்கள் வேனில் பின்னால் புறப்பட்டார்கள்.

திருமங்கலத்தில் மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பிள்ளையார் கோயில். சீர் அங்கிருந்துதான் வரிசையாகப் போக வேண்டும். வேன் வந்து பெண்கள் தாம்பாளங்களைப் பிரித்துக்கொண்டார்கள். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். முதலில் கிளம்பிய காளையை மட்டும் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. சிவபாண்டி ரோட்டுக்கும் கோயிலுக்கும் நடந்து நடந்து புது வேட்டியின் ஓரத்தை அழுக்காக்கிக்கொண்டிருந்தபோது வண்டி வந்து நின்றது. காளை இறங்கினான். அவன் விரல்களெல்லாம் நீலம்.

"அக்கா, கோவிச்சுக்கிராத" என்று நேராக இசைவாணியிடம்தான் வந்தான். "கப்பலூர் டோல் தாண்டி ஒரு வேகத்தடையில வண்டி குதிச்சிருச்சு. எறங்கிப் பாத்தா போர்வை வெலகிக் கெடக்கு. கயிறு ஒரசி பெயிண்டு பூராம் போச்சு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. சீரு சாமானாச்சே. அப்பறம் ஒரு பெயிண்டுக் கடைக்காரரை எழுப்பி, டப்பா வாங்கி, போன எடம் பூராம் பூசிட்டேன். பாரு, ஒண்ணுகூடத் தெரியாது."

போர்வையை எடுத்தார்கள். கைப்பிடியைச் சுற்றி, கதவின் கீழ் ஓரத்தில், மேல் மூலையில், கால்களின் விளிம்பில் என்று பளீரென்று ஆகாச நீலம். வெளிறிய அலமாரியின் மேல் அங்கங்கே ஈரமாக மின்னியது. யோசித்து யோசித்து அவள் தேய்த்த இடங்களில் ஒன்றைக்கூடக் காளை விட்டுவைக்கவில்லை.

"கயிறு ஒரசுனதுன்னே நெனச்சியா காளை?" என்று கேட்டாள் இசைவாணி.

"பின்ன? கயிறும் ஒரசுச்சு, போர்வையும் ஒரசுச்சு. பாத்தாத் தெரியாதாக்கா."

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பாராட்டை யாரும் அவளுக்குத் தந்ததில்லை.

சிவபாண்டி அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. அது நிம்மதி என்று இசைவாணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சரி விடு" என்றான், யாரும் கேட்காதபடி அவள் பக்கம் குனிந்து. "நல்லதாப் போச்சுன்னு வச்சுக்குவோம். டப்பாவுல மிச்சம் இருக்கும்ல? மேலயும் பக்கவாட்டுலயும் ஒரு இழுப்பு இழுத்துட்டா தூரத்துல புதுசு மாதிரி தெரியும். அக்காவுக்கும் ஒரு பேச்சு வராது. சரண்யாவுக்கு அப்பறமாத் தேய்ச்சுக் குடுத்துக்க."

இசைவாணி கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்து எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். விரல் நுனி நீலமாக இருந்தது.

"காயல. இன்னிக்குப் பூரா வச்சிருந்தாலும் காயாது. அடியில தேன்மெழுகு தேய்ச்சிருக்கேன், எனாமல் அதுல புடிக்காது. பழச பெயிண்ட்டுக்குள்ள ஒளிச்சு, அதுவும் ஈரத்தோட, அதே மாதிரி கல்யாண சபைக்கு, அதே பாண்டியம்மா அக்கா முன்னாடி தூக்கிட்டுப் போவோமா? நீங்க சொல்லுங்க."

அந்த நீல விரலையே சிவபாண்டி பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் தோளில் கிடந்த புதுத் துண்டை உருவி அவளிடம் கொடுத்தான்.

"என்ன வேணும்?"

"தேங்காய் எண்ணெய். கோயில் கடையில இருக்கும். துணி எம்புட்டு கெடைக்குதோ அம்புட்டு."

எண்ணெய் வந்தது. தான் அடித்தது தண்ணீர் பெயிண்ட், காய்ந்து இறுகிவிட்டது, எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது, மேலே இருக்கிற எனாமலை மட்டும் வழித்துக்கொண்டு வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும், முதலில் யார் கண்ணிலும் படாத கால் விளிம்பில்தான் எண்ணெய் நனைத்த துண்டை வைத்து அழுத்தினாள். ஒரு தேய். துண்டில் நீலம் அப்பிக்கொண்டு வந்தது. அடியில் அவள் தேய்த்த காவி அவள் விட்ட இடத்திலேயே இருந்தது.

"காளை, இங்க வா. பூசுன கையே தொடைக்கட்டும். நீ கீழ ஓரம். அழுத்தாத, வழிச்சு எடு."

காளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏங்க்கா, மறுபடி காவி தெரிய ஆரம்பிச்சிருச்சு, மரம் தெரியுது" என்று பதறினான்.

"தெரியணும்ப்பா. அதுக்குத்தான் ஒரு மாசம் உக்காந்திருந்தேன்."

அவன் துணியைக் கீழே போட்டுவிட்டு அலமாரியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வேணும்னேவா செஞ்ச?" என்றான். வேன் பக்கம் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் பிள்ளையார் கோயில் பூசாரி வெளியே வந்து எட்டிப்பார்த்தார்.

"ஏண்டி இசை, கல்யாணத்துக்கு வந்த எடத்துலயும் தேய்ப்புத்தானா?" என்றாள் ஒரு பெரியம்மா.

"வாய் பாட்டுக்குப் பேசட்டும். தட்ட வச்சுட்டு ஒரு கை புடிங்க பெரியம்மா."

தாம்பாளங்கள் கோயில் படியில் இறங்கின. பட்டுச்சேலைகள் இடுப்பில் செருகப்பட்டன. ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள். மேளக்காரர் தவிலைத் தோளில் மாட்டியபடி வந்து, "நாங்க வாசிக்கவா, இல்ல நாங்களும் தேய்க்கவா?" என்று கேட்டார்.

"வாசிங்கண்ணே. தாளத்துக்குக் கை சுறுசுறுப்பா ஓடும்" என்றாள் இசைவாணி.

கதவுச் சட்டத்தின் இடுக்குகளில் காளை தாராளமாகப் பூசியிருந்தான். அங்கே துணி போகவில்லை. தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து, எண்ணெய் நனைத்த துணியை அதில் சுற்றி, பல் குத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்தாள். முந்தானையில் நீலம் பட்டது. கன்னத்தில் பட்டது. மண்டபத்திலிருந்து ஆள் வந்து, சீர் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டுவிட்டுப் போனான். இரண்டாவது ஆள் வந்தபோது அவள் கடைசி இடுக்கை முடித்து, காய்ந்த துணியால் அலமாரி முழுவதையும் ஒரு தரம் துடைத்துவிட்டுப் பின்வாங்கினாள். எண்ணெய் ஊறிய மரம் முன்னைவிடக் கொஞ்சம் கருத்திருந்தது. அது அவள் நினைக்காதது. கெட்டுப்போகவில்லை. ஆனால் பழையது என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமே வராது.

சிவபாண்டி கையில் போர்வை இருந்தது. "மூடித் தூக்குவோமா?" என்று கேட்டான்.

"உங்க சீரு. உங்க அக்கா. நீங்கதான் சொல்லணும்."

அவன் மண்டபம் இருக்கும் திசையைப் பார்த்தான். போர்வையை வண்டிக்குள் போட்டான். "மூடாமத் தூக்குங்கப்பா" என்றான்.

மண்டபத்து வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஆரத்தித் தட்டோடு தங்கப்பொண்ணு நடுவில் நின்றாள். தம்பி சீர் கொண்டு வருகிறான் என்று அவள் முகம் பூரித்திருந்தது. வரிசை திரும்பி அலமாரி கண்ணில் பட்டதும் அந்தப் பூரிப்பு மெல்ல இறங்கியது. கண் ஒருதரம் பக்கவாட்டில் போய் வந்தது. பக்கவாட்டில் பாண்டியம்மாள் நின்றார். வயதாகிவிட்டது. பார்வை மட்டும் அப்படியே இருந்தது.

அலமாரியை இறக்கி வைத்தார்கள். மேளம் நின்றது.

"என்ன தம்பி" என்றார் பாண்டியம்மாள். "சீரு வருதுன்னு பாத்தா பழைய சாமான் வருது."

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிப்பை அடக்கினார்கள். தங்கப்பொண்ணு ஆரத்தித் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தட்டைத் தூக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அவள் அதைச் சுற்றினால்தான் சீர் உள்ளே போக முடியும்.

பாண்டியம்மாள் முன்னால் வந்தார். ஆள்காட்டி விரலைக் கதவின் மேல் வைத்து அழுத்தி இழுத்தார். பெயிண்ட் இருக்கும் இடத்தில் ஒருமுறை, மரம் தெரியும் இடத்தில் ஒருமுறை. விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேசாக எண்ணெய்ப் பிசுக்கு, அவ்வளவுதான். இன்னும் ஒருமுறை நகத்தால் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை.

சிவபாண்டி இத்தனை பேர் முன்னால் பேசிப் பழகியவன் இல்லை. குரல் தேவைக்கு மேலேயே சத்தமாக வந்தது.

"பழசுதான். நல்ல தேக்கு, பழைய தேக்கு. மேல இருக்கறது எம்பொண்டாட்டி கைவேலை. சரண்யா ஆசப்பட்டு இதத்தான் கேட்டா. கடையில பீரோ எடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். இவ இதுல ஒரு மாசம் உக்காந்திருக்கா. ஒளிக்க ஒண்ணும் இல்ல. யாரு வேணாலும் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பாருங்கள் என்றால் நம் ஊர்க் கூட்டம் சும்மா இருக்குமா? முதலில் ஒரு கை, அப்புறம் நாலு கை. கைப்பிடியைப் பிடித்துத் திறந்தார்கள், சாத்தினார்கள். ஒரு பெண், கையில் குழந்தை இருந்ததால், தன்னை அறியாமல் கதவைக் காலால் சாத்தினாள். அவள் பெருவிரல் போய்ப் பட்ட இடத்தை இசைவாணி மட்டும் பார்த்தாள். காளை கூட்டத்துக்கு நடுவில் நின்று, யாரும் கேட்காமலேயே, "கயிறு ஒரசுனது இல்லீங்க, வேணும்னே செஞ்சது. நானே ஏமாந்துட்டேன்" என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

"கலரு நல்லாத்தான் இருக்கு" என்றார் பாண்டியம்மாள், விரலைச் சேலையில் துடைத்தபடி. "ஆனா பழசு பழசுதான்."

"ஆமாக்கா" என்றாள் இசைவாணி. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

தங்கப்பொண்ணு அப்போதுதான் நிமிர்ந்தாள். தம்பியைப் பார்த்தாள். மேலே மாடி வராந்தாவில், கீழே இறங்கக் கூடாது என்று பிடித்துவைத்திருந்த தோழிகளுக்கு நடுவிலிருந்து மணப்பெண் சரண்யா இரண்டு கைகளையும் ஆட்டி, "அத்தை, அத்தை" என்று கத்திக்கொண்டிருந்தாள். அதையும் பார்த்தாள். பிறகு தட்டைத் தூக்கி, தம்பிக்குச் சுற்றினாள். தம்பி பொண்டாட்டிக்குச் சுற்றினாள். அலமாரிக்கும் சேர்த்துச் சுற்றினாள். சந்தனத்தைத் தொட்டு அதன் கதவில் வைத்து, குங்குமத்தை அதன் மேல் அழுத்தினாள்.

"உள்ள தூக்குங்கப்பா" என்றாள். "ஓரமா கொண்டுபோய் வச்சிராதீக. மேடைக்குப் பக்கத்துல வைங்க. எம்பொறந்த வீட்டுல கையால செஞ்சு கொண்டு வந்திருக்காக, எல்லாரும் பாக்கட்டும்."

ஆண்கள் குனிந்து தூக்கினார்கள். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. கூட்டம் உள்ளே நகர, தங்கப்பொண்ணு இசைவாணியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். எண்ணெயும் நீலமுமாக இருந்த அந்தக் கையை இசைவாணி இழுத்துக்கொள்ளப் பார்த்தபோதும் அவள் விடவில்லை.

"சேலையப் பாரு, கோலத்தப் பாரு. இப்படியேவா மேடைக்கு வருவ?"

"வேற சேலை கொண்டு வரல மதினி."

"எம்பொட்டியில ரெண்டு பட்டு இருக்கு. மாடியில. நல்லதா எடுத்துக் கட்டிக்கிட்டு வா. தாலி கட்டையில எம்பக்கத்துல நீதான் நிக்கணும்."

இசைவாணி மாடிப்படி ஏறினாள். கீழே அலமாரி கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஆடி ஆடி மேடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வழியில் நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள்.